ஒரு தட்டுன்னா நிறுத்து

கால்ல இடிக்குதுங்களாண்ணா? இருங்க, பையை இந்தப் பக்கம் நகத்தி வச்சுக்கறேன். கனமாத்தான் இருக்கும், இரும்புங்க. அப்பிடிப் பாக்காதீங்க, திருட்டு இரும்பெல்லாம் இல்ல. எங்க லாரியோட சேஸ்ல நம்பர் அடிச்சிருப்பாங்கல்லங்க, அந்தத் துண்டு. வண்டிய உடைச்சாச்சுன்னா நம்பர் இருக்கற எடத்த மட்டும் வெட்டி எடுத்து ஆர்டிஓ ஆபீஸ்ல ஒப்படைக்கோணும். அப்பத்தான் ஆர்.சி. புக்கக் கேன்சல் பண்ணுவாங்க. நான் சங்ககிரியில எறங்கீருவேன். நீங்க ஈரோடுங்களா? அப்பச் சங்ககிரி வரைக்கும் எம் பேச்சக் கேட்டுத்தான் ஆகோணும், வேற சீட்டும் இல்ல.

டிரைவரான்னா கேக்கறீங்க? இல்லீங்க, படிக்கறவன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, மூணாவது வருசம். கையப் பாத்துட்டுக் கேக்கறீங்க, தெரியுது. நகக்கண்ணுல ஏறுன கருப்பு அவ்வளவு சுலபத்துல போகாதுங்க. லேப்ல எங்க சாரு ஒரு நாள் என்னை எல்லாத்துக்கும் முன்னால நிக்க வச்சு, "தினகரா, நீ கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டா, டீசல் டிபார்ட்மெண்டா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். அதுக்கப்புறம் லேப்புக்கு நான் அதிகமாப் போகலீங்க, அது வேற விசயம்.

லாரி எங்கப்பாவோடதுங்க. அர்த்தநாரின்னு பேரு. மகுடஞ்சாவடியில கெழங்கு லாரி அர்த்தநாரின்னா தெரியாதவங்க இல்ல. ஆத்தூர்ப் பக்கமிருந்து மரவள்ளிக் கெழங்கு ஏத்திட்டு வந்து ஜவ்வரிசி செய்யற சேகோ பேக்டரிக்கு எறக்கோணும், அதான் பொழப்பு. வண்டி எனக்கு மூணு வயசு மூத்தது. அப்பாவே அப்பிடித்தான் சொல்லுவாரு, "உங்கண்ணனக் கழுவி உடுடா"ம்பாரு. கூடப் பொறந்தவங்க எனக்கு யாரும் இல்லீங்க.

போன ஐப்பசியில, கெழங்கு லோடோட வந்துட்டு இருக்கறப்ப, அவருக்கு வலது கை மரத்துப் போன மாதிரி இருந்திருக்குது. வேற ஒருத்தரா இருந்தா என்ன ஆயிருக்குமுங்க? எங்கப்பா வண்டிய ஓரங்கட்டி, ஆப் பண்ணி, எறங்கி வந்து, பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்காரு. எங்க வண்டியில கைப்பிரேக் நிக்காதுங்க, கட்டை போட்டே ஆகோணும். கட்டையப் போட்டுட்டுத்தான் விழுந்தாரு. எதிர்த்தாப்பல டீக்கடைக்காரர் பாத்துட்டுச் சொன்னது இது. லோடு ஒரு கெழங்கு செதறல. ஆளு மட்டும் செதறீட்டாரு.

வலது கை, வலது கால், பேச்சு. மூணும் போச்சு.

டாக்டர் தெளிவாச் சொன்னாருங்க. "மொத ஆறு மாசந்தான் கணக்கு. காலையிலயும் சாயந்திரமும் கைய மடக்கி நீட்டி விடுங்க. விரல ஒவ்வொண்ணா விரிச்சு விடுங்க. ஒரு நாள் விட்டாலும் அடுத்த நாள் இறுக ஆரம்பிச்சிரும்"னாரு. எக்சர்சைஸ் சொல்லித் தர்ற அக்கா ஒருத்தங்க படம் போட்ட தாள் ஒண்ணு குடுத்தாங்க. அம்மா அதச் சோத்துப் பருக்கை வச்சுச் சுவத்துல ஒட்டுச்சு. அம்மா மில்லுக்குப் போகுதுங்க, நூல் மில்லு, ஷிப்ட்டு. வெடியால போகறதுக்கு முன்னால அம்மா செஞ்சு விடும், பொழுதோட நான். அப்பிடித்தான் பேச்சு.

நான் செஞ்சேனுங்க. செய்யலீன்னு சொல்லாதீங்க. மொத ரெண்டு வாரம் ஒரு நாள் விடல.

அப்பத்தான் ஒரு புரோக்கர் வந்தான். லாரி வாசல்ல நிக்குது, ஓட்டற ஆளு கட்டில்ல கெடக்கறாரு, வராம இருப்பானுங்களா? "ஓட்டத்துல இருக்கறப்பவே குடுத்துருங்க, நின்னு போனா எடைக்குத்தான் போகும்"னான். அம்மா உடனே சரின்னுருச்சு. "குடுத்துரலாம் கண்ணு. நீ படி. உங்கப்பனப் பாத்துக்கலாம், அது போதும்"னுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! நாளைக்கு அவரு எந்திரிச்சு வந்து, வண்டி எங்கடான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? இருபது வருசமா அந்த சீட்டுல உக்காந்த மனுசனுங்க. வண்டி நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான அவருக்கு எந்திரிக்கோணும்னு ஒரு வீம்பு வரும்? நான் சொல்றது நியாயந்தானுங்களே?

அம்மா சொல்லுச்சு, "அவரையே கேளு"ன்னு.

எப்பிடிக் கேக்கறது, பேச்சுத்தான் இல்லியேன்னு நெனைக்கறீங்க. எங்களுக்கு ஒரு பாசை இருக்குதுங்க. இப்பக் கண்டக்டர் விசில் குடுத்தாருல்ல, ஒண்ணுன்னா நிறுத்து, ரெண்டுன்னா போலாம். லாரியிலயும் அதே கணக்குத்தான். ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னால நிக்கறவன் பாடியில தட்டோணும். ரெண்டு தட்டுன்னா வரலாம். ஒரு தட்டுன்னா நிறுத்து. எத்தனை சத்தத்துலயும் அந்த ஒரு தட்டு டிரைவர் காதுல விழுந்துரும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அப்பா அந்தப் பாசையப் புடிச்சுட்டாருங்க. இரும்புக் கட்டில், எடது கை நல்லாத்தான் இருக்குது. சோறு போதும்னா ஒரு தட்டு. இன்னும் வேணும்னா ரெண்டு. பேன் போடோணும்னா ரெண்டு, நிறுத்தோணும்னா ஒண்ணு. அம்மா கூடப் பழகிருச்சு.

அம்மா மில்லுக்குப் போன பொறகு நான் கட்டில் பக்கத்துல உக்காந்து கேட்டேன். "அப்பா, வண்டி ஓடட்டுமா? ஆள் போட்டு ஓட்டிக்கலாமா?"ன்னேன். அவரு என்னையவே பாத்தாரு. அப்பறம் எடது கையத் தூக்கி, கட்டில் கம்பியில தட்டுனாரு.

ரெண்டு தட்டு. அம்மாகிட்டயும் அதான் சொன்னேன்.

சரி, உடுங்க. ஆள் போட்டேன். சென்னப்பண்ணன்னு ஒருத்தரு. நல்ல ஓட்டறவருதான், என்ன ஒண்ணு, வண்டிய விடப் படுக்கற பாய்தான் அவருக்குப் புடிக்கும். மொத நடையிலயே ரேடியேட்டர் பொத்துக்கிச்சு. அதப் பாத்து முடிச்சு ரெண்டு நடை போனாரு, கியர் பாக்ஸ். அதுக்கப்புறம் பின் ஸ்பிரிங் பட்டை முறிஞ்சுது. பட்டை மாத்துனா பின் ஆக்சில்ல கிரவுன் பல்சக்கரம் சத்தம் போடுது. ஒவ்வொரு தடவையும் இதான் கடைசின்னு நெனைப்பேனுங்க. இத்தன செஞ்சாச்சு, இதையும் செஞ்சுட்டா முடிஞ்சுதுன்னு தோணும். பணக் கதை வேண்டாம், உட்ருங்க. நான் சொல்ல வந்தது அதில்ல.

பட்டறை அமானுல்லா பாயோடது. எங்கப்பாவுக்குப் பழக்கம். காலேஜ் விட்டு வந்து நேரா பட்டறைக்குப் போயிருவேன். பொறகு, காலேஜ் விடறதுக்குள்ளயே போக ஆரம்பிச்சுட்டேன். பாய் திட்டுவாரு. "தம்பி, இந்த வண்டிக்கு நான் வேலை செய்யறது உங்கப்பன் மொகத்துக்காக. நீ எதுக்குடா இதுக்கடியில படுத்துக் கெடக்கற? போயிப் பரிச்சை எழுது. வீட்டுல போயி அவன் பக்கத்துல உக்காரு"ம்பாரு. நான் ஸ்பேனர எடுத்துக் குடுத்துக்கிட்டே இருப்பேன். என்ன சொல்லீட்டாருன்னு பெருசா எடுத்துக்கறது? எனக்குக் கை வந்துருச்சுங்கண்ணா. மூணு மாசத்துல இன்ஜெக்டர் கழட்டி மாட்டற அளவுக்கு வந்துட்டேன். பாயே, "இவன் கைக்கு வேலை தெரியுது"ன்னு இன்னொருத்தர்கிட்டச் சொன்னாரு, எங்காதுல விழுந்துச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அப்பாகிட்டச் சொல்லோணும்னு ஓடி வந்தேன். தூங்கீட்டு இருந்தாரு.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, நிறுத்தி வச்ச வண்டி கெட்டுப் போயிருமுங்க. ஓட்டம் இல்லாத நாள்லயும் வெடியால ஒரு தடவை, பொழுதோட ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிசம் விடோணும். இல்லீன்னா பேட்டரி எறங்கும், பிரேக் புடிச்சுக்கும், அங்கங்க துரு ஏறி எல்லாம் இறுகிக்கும். ஒரு மாசம் விட்டுட்டம்னு வைங்க, பொறகு என்ன செஞ்சாலும் பழையபடிக்கு வராது. நான் ஒரு நாள் விட்டதில்லீங்க. காச்சல் வந்தப்பக் கூட எந்திரிச்சுப் போயி ஸ்டார்ட் பண்ணுனவன் நான். அம்மாவே சாட்சி.

அப்பாவுக்குங்களா? செஞ்சேனுங்க. வாரத்துல மூணு நாலு நாள் செஞ்சு விடுவேன். பொய் சொல்லக் கூடாது, ரெண்டு நாள். தை பொறந்த பொறகு அதுவும் இல்ல. கையெல்லாம் கிரீஸா இருக்கும், கழுவீட்டு வர்றதுக்குள்ள அவரு கண்ண மூடிக்குவாரு. தூங்கறவர எழுப்பறதான்னு விட்டுருவேன். அம்மாதான் செய்யுதேன்னு ஒரு நெனைப்பு. அம்மாவுக்கு அப்ப டபுள் ஷிப்ட்டு. எதுக்கு டபுள் ஷிப்ட்டுன்னா, கிரவுன் மாத்துனமுல்லங்க, அதுக்கு. வெடியால நின்னுட்டே தூங்கும். அது நான் செய்யறேன்னு நெனைச்சிருக்குது. நான் அது செய்யுதுன்னு நெனைச்சேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நான் வாசல்ல வண்டிய ஸ்டார்ட் பண்றப்பெல்லாம் அப்பா உள்ள இருந்து கட்டில்ல தட்டுவாரு. வண்டிச் சத்தத்துல எனக்குக் கேக்காது. பொய் சொல்லக் கூடாது, கேக்கும். அந்தத் தட்டு கேக்காம இருக்குமுங்களா எனக்கு? அம்மா ஒரு நாள் கேட்டுச்சு, "ஏன்டா நீ வண்டிய எடுத்தாப் போதும், அவரு தட்டிக்கிட்டே இருக்காரு?"ன்னு. "சத்தம் கேட்டு சந்தோசம்மா அவருக்கு"ன்னு சொன்னேன். அம்மா நம்பிருச்சு. அது என்னைய எப்பவும் நம்பும்.

பங்குனியில எப்.சி. வந்துச்சு, வண்டி ரோட்டுல ஓடற தகுதியில இருக்குதான்னு ஆர்டிஓ ஆபீஸ்ல பாக்கறது. சும்மா காட்டுனா பாஸ் ஆகாதுங்க, வண்டி புதுசாட்ட இருக்கோணும். பதினெட்டு நாள் பட்டறையிலயே கெடந்தேன். பெயிண்ட் அடிச்சு, லைட்டெல்லாம் மாத்தி, கைப்பிரேக்கு இருக்குதுங்களே, அப்பா காலத்துலருந்து நிக்காத கைப்பிரேக்கு, அத நிக்க வச்சேன். மேட்டுல நிறுத்தி இழுத்தா அசையல! பிராக்டிகல் பரிச்சையும் அந்த வாரந்தான் வந்து தொலைச்சுது. போகல. எப்.சி. பாஸ். அன்னைக்கு நான் அழுதேனுங்க, பட்டறைக்குப் பின்னால போயி நின்னு அழுதேன். எங்கப்பாவால ஆகாதத நான் செஞ்சுட்டேன்னு.

மறுநாள் வெள்ளிக்கெழம. வண்டிய வீட்டுக்குக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துனேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்கா வாங்கி வச்சு, எல்லாம் ஆச்சு. எப்.சி. முடிஞ்சு வர்ற வண்டிக்கு ஓனரு கையால சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணோணும், அது எங்க பக்கத்துப் பழக்கம். ஓனரு வேற யாரு? அப்பாவப் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு, நானும் சென்னப்பண்ணனும் தூக்கிட்டு வந்து கதவுகிட்ட எறக்குனம். வேட்டி சட்டையெல்லாம் கட்டி, திருநீறு வச்சு, அம்மா தலை சீவி விட்டிருந்துச்சு. "அப்பா, நீங்க புடிச்சாப் போதும், நான் திருப்பிக்கறேன்"னு சொல்லி, அவரோட வலது கையில சாவியக் குடுத்தேன்.

சாவி போகலீங்க.

கை மூடியிருந்துச்சு. நல்லா இறுக்கி மூடியிருந்துச்சு. என்னமோ வச்சுப் புடிச்சிருக்காராட்டன்னு நெனைச்சு, "கைய விடுங்கப்பா"ன்னு நான் விரலப் புடிச்சு விரிச்சேன். அவரு கத்துனாரு பாருங்க. அஞ்சு மாசமாப் பேச்சு இல்லாத மனுசனுங்க. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல. பக்கத்து வீட்டுக்காரங்கெல்லாம் வெளிய வந்துட்டாங்க. நகமெல்லாம் உள்ளங்கையில பதிஞ்சு, புண்ணா இருந்துச்சு. நான் அம்மாவப் பாத்தேன். "எப்பருந்தும்மா இப்பிடி?"ன்னேன். அம்மா என்னைப் பாத்துச்சு. திட்டலீங்க, திட்டியிருந்தாக் கூடத் தேவலை. "பொங்கல் முடிஞ்சதுலருந்தே அப்பிடித்தான இருக்குது. நீ தெனம் புடிச்சு விடற, உனக்குத் தெரியாதா கண்ணு?"ன்னுச்சு.

டாக்டர்கிட்ட ஓடுனம். அவரு விரலத் தொட்டுப் பாத்தாரு. "அசைக்காமயே விட்டுட்டீங்களா? நரம்பெல்லாம் சுருங்கிருச்சே. இனி விரியாதுங்க. ரொம்ப இழுத்தா வலிதான் மிச்சம். உள்ளங்கையில துணி வச்சு விடுங்க, புண்ணாகாம இருக்கும்"னாரு. வீட்டுல ஆம்பளப் பையன் இருக்கானில்லன்னு வேற கேட்டாரு. நான் பின்னாலதான் நின்னுட்டு இருந்தேன். என் கையப் பின்னால கட்டிக்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். அந்த வண்டிதானுங்க எங்கப்பா கையக் கெடுத்துச்சு. வேற யாரு? அது மட்டும் நல்லா ஓடியிருந்துச்சுன்னா நான் எதுக்குப் பட்டறைக்குப் போகப் போறேன்? வீட்டுலதான இருந்திருப்பேன். அது எங்க வீட்டத் தின்னுபுடுச்சு. ஒரு நாளும் அத உசுரோட யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு வெறி வந்துருச்சு. எப்.சி. முடிஞ்ச வண்டிய, பெயிண்ட் வாசம் போகாத வண்டிய, யாராச்சும் உடைக்கக் குடுப்பாங்களா? நான் குடுத்தேன். அமானுல்லா பாய் வந்து கெஞ்சுனாரு. அம்மா கூட, "ஒருத்தன் வச்சுப் பொழைச்சுக்குவானே, அது என்ன பாவம் பண்ணுச்சு"ன்னுச்சு. முடியாதுன்னுட்டேன்.

ஆர்.சி. அப்பா பேர்ல இருக்கறதால பேப்பர்ல அவரு ரேகை வேணும். மைப்பெட்டிய எடுத்துட்டுப் போயி, "அப்பா, வண்டியக் குடுத்தர்றேன்"னு சொன்னேன். நான் எடது கையப் புடிக்கறதுக்கு முன்னாலயே அவரே கட்டைவிரல மையில அமுத்தி, பேப்பர்ல வச்சுட்டாருங்க. நேரா, தெளிவா. என் மொகத்தக் கூடப் பாக்கல. அவ்வளவு நாளா அதுக்குத்தான் காத்துட்டு இருந்த மாதிரி.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு ஒறைச்சுதுண்ணா. இத அம்மாகிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்டச் சொல்றேன், நீங்க ஈரோட்டுல எறங்கிப் போயிருவீங்க. கார்த்திகையில நான் கேட்டேன்னு சொன்னனில்ல, வண்டி ஓடட்டுமான்னு? அவரு ரெண்டு தட்டுத் தட்டலீங்க. ஒண்ணுதான் தட்டுனாரு. நான் இன்னொண்ணு வரும்னு பாத்தேன். கை தூக்க முடியல போலிருக்குது, நோய்க்காரர்தான, ரெண்டாவதும் மனசுல தட்டியிருப்பாருன்னு நானே கூட்டிக்கிட்டேன். அவரு மறுபடி கையத் தூக்கல. கட்டில் கம்பி மேலயே வச்சிருந்தாரு. என்னையப் பாத்துட்டே இருந்தாரு.

அழுகலீங்க, காத்துல கண்ணு எரியுது. ஜன்னலச் சாத்தட்டுங்களா?

எறங்கற எடம் வந்துருச்சு பாருங்க, தெப்பக்குளம் வளைவு வந்துட்டா அடுத்தது பஸ் ஸ்டாண்டுதான். பரிச்சையா? இன்னைக்கு ஆர்கானிக் பேப்பருங்க, பத்து மணிக்கு. இந்நேரம் கொஸ்டின் குடுத்திருப்பாங்க. அம்மா வெடியால இருந்து போ போன்னு அடிச்சுக்குச்சு. பரிச்சை எங்க போகுது, அடுத்த வருசம் எழுதிக்கலாம். இப்ப எனக்கு வேற வேலை இருக்குது. மத்தவங்க ஆயிரஞ் சொல்லட்டும், டாக்டருக்கு என்ன தெரியும்? கைப்பிரேக் நிக்காதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க, நான் நிக்க வைக்கலீங்களா? தெனம் நாலு தடவை அப்பா கைக்குச் செஞ்சு விடறேன். ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம். வெதுவெதுன்னு தண்ணியில ஊற வச்சு, வெளக்கெண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலா. வலிக்குதுங்கறது தெரியுதுங்க. கண்ணுல தண்ணி வழியும். எடது கையால கட்டில்ல தட்டுவாரு. ஒரே தட்டு. அம்மா அடுப்படியில இருந்து, "உட்ருடா, அவரு நிறுத்தச் சொல்றாரு"ன்னு கத்தும். நான் விடறதில்லீங்கண்ணா. ஒரு விரல முடிச்சுட்டு அடுத்த விரலப் புடிச்சுக்குவேன். ரெண்டாவது தட்டு வந்துரும், இப்ப வந்துரும்னு காதக் குடுத்துக்கிட்டே விரிச்சுட்டு இருப்பேன்.